ஆணி அடிக்காமல் ஒரு விடுதி அறை: மூவர் அறையைக் கைவேலையால் மாற்றியதன் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட அறை கோவையை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியின் மகளிர் விடுதியில், இரண்டாம் தளத்தில் இருக்கிறது. 14 அடி நீளம், 12 அடி அகலம். மூன்று இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றும் 6 அடிக்கு இரண்டரை அடி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். மூன்று மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு இரும்பு அலமாரி. 4 அடிக்கு 4 அடி சன்னல் ஒன்று. கம்பி உள்பக்கம், கதவு வெளிப்பக்கம் திறக்கும். டிஸ்டம்பர் பூசிய சுவர், வெள்ளை டைல்ஸ் தரை, ஒரே ஒரு டியூப்லைட்.

விடுதி விதித்த கட்டுப்பாடுகள் எங்கும் உள்ளவைதாம். ஆணி அடிக்கக் கூடாது. சுவரில் டேப் ஒட்டி பெயின்ட் உரிந்தால் முன்பணத்தில் பிடித்தம். போன் சார்ஜர், மடிக்கணினி, மேசை விளக்கு தவிர வேறு மின்சாதனம் கூடாது. ஆண்டு முடிவில் அறையை முழுவதும் காலி செய்ய வேண்டும். மூவரும் ஆளுக்கு 700 ரூபாய் போட்டார்கள், மொத்தம் 2,100. பழம்புடவைகள், ஒரு வேட்டி, ஊசி, கத்தரிக்கோல் ஆகியவை வீட்டிலிருந்து வந்தன. தையல் இயந்திரம் கிடையாது, எல்லாம் கைத்தையல்.

விடுதி அறையை அழகுபடுத்தக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சுவரில் தொடங்குகிறார்கள். ஸ்டிக்கர், படம், சரவிளக்கு என்று பாதிப் பணம் அங்கேயே போய்விடும். இரண்டு மாதத்தில் பாதி உரிந்து தொங்கும், அறை பழையபடி ஆகிவிடும். விடுதிச் சுவர் நம் கையில் இல்லாத பொருள். கட்டில், சன்னல் கம்பி, அலமாரி, தரை ஆகிய நான்கும் நம் கைக்குள் இருக்கின்றன, எடையையும் தாங்கும். வெளிச்சத்தை மாற்றி, சன்னலையும் கட்டிலையும் தரையையும் துணியால் மூடினால் கண் சுவரைத் தேடாது. இந்த அறையில் வேலை நடந்த வரிசையும் அதுதான்: முதலில் விளக்கு, பிறகு சன்னல், கட்டில், தரை, பெட்டிகள். சுவர் கடைசி.

துணியைக் கையில் எடுக்கும் முன்

விடுதியில் பழைய துணி, பழைய மரம் எதுவானாலும் முதல் கவலை மூட்டைப்பூச்சி. ஓர் அறைக்குள் வந்துவிட்டால் தளம் முழுவதும் பரவும். சந்தையில் வாங்கிய கழிவுத்துணியானாலும் வீட்டிலிருந்து வந்த புடவையானாலும் கொதிக்கும் நீரை வாளியில் ஊற்றி அமிழ்த்தி, நீர் ஆறும்வரை விட்டு, பிறகு துவைத்து வெயிலில் காயவைத்தார்கள். பூச்சியையும் முட்டையையும் கொல்வது சூடுதான்; வெயிலில் விரித்தால் மேல்துணி மட்டும் சுடும், மடிப்புக்குள் இருப்பது தப்பிவிடும். பருத்தி கொதிநீரைத் தாங்கும். பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் இந்த வழி ஆகாது, அவற்றை இந்த வேலைக்கு எடுக்கவும் வேண்டாம்.

கொதிநீர்க் குளியலால் இன்னொரு நன்மை உண்டு. அதிகம் துவைக்காத பருத்திப் புடவை இன்னும் சுருங்கும். சுருங்க வேண்டியதெல்லாம் வெட்டும் முன்பே சுருங்கிவிட வேண்டும். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் 4 அடித் திரை இரண்டு அங்குலம் மேலே ஏறி நிற்கும்.

சாயம் போகிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியைப் புடவையின் பார்டர் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். சில சாயங்களில் நிற்கும், பலவற்றில் நிற்காது. இந்த அறைக்கு வந்த ஓர் அரக்குச் சிவப்புப் புடவை எத்தனை முறை அலசினாலும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தது. அதைத் திரைக்கும் போர்வைக்கும் எடுக்காமல், அடிக்கடி துவைக்கத் தேவையில்லாத தரை மெத்தையின் மேலுறைக்கு ஒதுக்கினார்கள். சரியான முடிவு.

விளக்கு

டியூப்லைட்டின் நீல வெள்ளை வெளிச்சம் மேலிருந்து எல்லா மூலையிலும் ஒரே மாதிரி விழும். எவ்வளவு நல்ல துணியைப் போட்டாலும் அந்த வெளிச்சத்தில் வெளிறித்தான் தெரியும். அதை மாற்ற அனுமதி இல்லை, படிக்கவும் அது வேண்டும். அதனால் படிப்பு முடிந்த நேரத்துக்கென ஒரு மஞ்சள் வெளிச்ச மேசை விளக்கு செய்தார்கள்.

தேவைப்பட்டவை: 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, அட்டையில் வார்ம் ஒயிட் அல்லது 2700 முதல் 3000 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும். பேக்கலைட்டில் செய்த நேர் பேட்டன் ஹோல்டர் (பலகையில் திருகி வைத்துப் பல்பு மாட்டுவது). 5 அங்குலச் சதுர பிளைவுட் துண்டு. பிளக்கோடு 2 மீட்டர் வயர். 8 அங்குல எம்பிராய்டரி வளையம் இரண்டு. 10 அங்குல மூங்கில் குச்சி நான்கு. வெளிர்நிறப் புடவைத் துண்டு 27 அங்குலத்துக்கு 12 அங்குலம்.

வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 25 அங்குலம். துணியின் இரு முனைகளிலும் ஓர் அங்குலம் விட்டுத் தைத்தால் அதே அளவுக் குழாய் கிடைக்கும். எம்பிராய்டரி வளையம் உள்வளையம், வெளிவளையம் என இரட்டையாக இருக்கும். துணியின் மேல்விளிம்பை உள்வளையத்தின் மேல் மடித்துப் போட்டு வெளிவளையத்தால் கவ்வித் திருகை முடுக்க வேண்டும். கீழ்விளிம்புக்கும் இதே வேலை. பசை எதுவும் வேண்டாம், அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம். நான்கு குச்சிகளையும் உள்பக்கம் சமதூரத்தில் நிறுத்தி, இரு வளையங்களோடும் நூலால் இறுக்கிக் கட்டினால் கூடு தானே நிற்கும். குச்சிகளைக் கீழே அரை அங்குலம் நீட்டிவிட்டால் அவையே கால்களாகும், அந்த இடைவெளி வழியாக வயரும் காற்றும் போகும். ஹோல்டரை பிளைவுட்டில் திருகி மேசையில் வைத்து, கூட்டை மேலிருந்து கவிழ்த்தால் வேலை முடிந்தது.

பல்பின் தடிமன் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 8 அங்குலக் கூட்டில் சுற்றிலும் ஏறத்தாழ இரண்டே முக்கால் அங்குல இடைவெளி கிடைக்கிறது. 5 வாட் எல்.இ.டி.க்கு இது போதும். பழைய இழைபல்பை இந்தக் கூட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. அதன் சூட்டில் துணி கருகும். கூட்டின் மேல்வாயை மூடவும் கூடாது. வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, மின்சாமான் கடையிலேயே ஹோல்டரிலும் பிளக்கிலும் திருகி வாங்கிக்கொள்வது நல்லது. அதற்குத் தனியாகப் பெரிய கூலி ஆகாது. விளக்கின் மொத்தச் செலவு 270 ரூபாய். அறைக்காகச் செய்த எல்லாவற்றிலும் செலவிட்ட ரூபாய்க்கு அதிக மாற்றம் தந்தது இதுதான்.

சணல் நூலைப் பலூன் மேல் சுற்றிச் செய்யும் உருண்டை விளக்கைப் பலரும் விரும்புவார்கள். விடுதிக்கு அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பசை காயும் முன் பலூன் சுருங்கினால் உருண்டை உள்வாங்கும். நன்றாக வந்தாலும் ஒரு மாதத்தில் தூசு படியும், துடைக்க வழியில்லை. ஊருக்கு எடுத்துப்போக மடிக்கவும் முடியாது.

சன்னல்

5.5 மீட்டர் புடவை என்றால் ஏறத்தாழ 216 அங்குல நீளம். அகலம் 46 அங்குலம். திரை அழகாக மடிந்து விழ, துணியின் அகலம் சன்னலைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. 48 அங்குலச் சன்னலுக்குப் புடவையின் முழு அகலத்தில் இரண்டு துண்டு எடுத்தால் 92 அங்குலம், அதாவது 1.9 மடங்கு. புடவையின் இரு ஓரங்களும் நெய்த கரையாக இருப்பதால் பக்கவாட்டில் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். பார்டரும் திரையின் இரு ஓரங்களில் மேலிருந்து கீழாக ஓடும்.

சன்னல் சுவர்க்கனத்துக்குள் உள்வாங்கி இருந்ததால் திரையின் உயரம் 47 அங்குலம். மேலே குழாய் நுழைய 3 அங்குலம், கீழே மடிப்புக்கு 5 அங்குலம் சேர்த்து ஒரு துண்டு 55 அங்குலம். இரண்டு துண்டுக்கு 110 அங்குலம். மீதம் 106 அங்குலம், முந்தானையும் அதில்தான் இருக்கிறது. விளக்குக் கூடும் கட்டில் பையும் அதிலிருந்து வந்தன. வெட்டும்போது அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் கத்தரி வளையும். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுத்துக் குறுக்கு நூல் ஒன்றை மெல்ல உருவினால் துணி முழுக்க நேர்கோடு தெரியும். அதைப் பிடித்து வெட்டினால் பிசகாது.

புடவை மட்டும் போதாது. பகலில் நன்றாக இருக்கும் மெல்லிய பருத்தித் திரை, இரவில் உள்ளே விளக்கெரிந்தால் ஆளின் நிழலை வெளியே காட்டிவிடும். மகளிர் விடுதியில் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை உள்துணியாக வைத்துத் தைத்தார்கள். 110 அங்குலம் தேவைப்பட்ட இடத்தில் வேட்டியின் நீளம் தாராளமாகப் போதும். இரண்டு அடுக்கையும் மேல்மடிப்பில் மட்டும் சேர்த்துத் தைக்க வேண்டும், கீழே தனித்தனியாக விட வேண்டும். நான்கு பக்கமும் சேர்த்துத் தைத்தால், துவைக்கும்போது இரண்டு துணியும் வேறு வேறு அளவில் சுருங்கித் திரை சுருண்டுகொள்ளும்.

ஆணி இல்லாமல் திரையை எங்கே மாட்டுவது? கம்பியில்தான். முக்கால் அங்குல எலக்ட்ரிக்கல் பி.வி.சி. பைப் 10 அடி நீளத்தில் கிடைக்கும். 4 அடி அறுத்து, இரண்டு திரைத் துண்டுகளையும் முதலில் அதில் கோத்துவிட்டு, சன்னலின் மேல் குறுக்குக் கம்பியோடு சேர்த்து இரண்டு முனையிலும் நடுவிலும் 8 அங்குல கேபிள் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் கட்டு) போட்டு இறுக்கினார்கள். நடுவில் ஒரு கட்டு இல்லாவிட்டால் இரட்டைத் துணியின் எடையில் பைப் சில வாரங்களில் வில்லாக வளையும். நடுக்கட்டு இருப்பதால் ஒரு திரையை மறுபக்கம் தள்ள முடியாது. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குவதால் அது குறையாகத் தெரியவில்லை. கேபிள் டையின் வெட்டிய முனை கத்திபோல் கீறும், அதை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிவிட வேண்டும்.

கோவைக்கே உரிய ஒரு தொல்லை இங்கே வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்று. திரை பறந்து மேசையிலிருந்ததையெல்லாம் தட்டிவிட்டது. கீழ்மடிப்பில் இரும்பு வாஷர்களைப் போட்டுத் தைத்தார்கள். அவை மழைச்சாரலில் துருவேறித் துணியில் காவிக் கறை விட்டன, காற்றில் கம்பியில் மோதிச் சத்தமும் போட்டன. அவற்றை எடுத்துவிட்டு, கட்டைவிரல் தடிமன் பருத்திக் கயிற்றை மடிப்பின் முழு நீளத்துக்கும் நுழைத்ததும் எடை சீராகப் பரவியது. கூடவே ஒவ்வொரு துண்டின் கீழ்மூலையிலும் ஒரு நாடா தைத்து, காற்றுள்ள நாளில் அடிக்கம்பியில் கட்டிவிடுகிறார்கள். கயிற்றை முதலில் நனைத்துக் காயவைத்த பிறகே நுழைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் அது சுருங்கி மடிப்பைக் கொசுவிவிடும்.

கட்டில்

கட்டில்தான் அறையில் பெரும்பரப்பு. மூன்று கட்டிலின் மேலும் மூன்று விதப் பூப்போட்ட விரிப்பு கிடந்தால் அறை சந்தைக்கடையாகத் தெரியும். ஒரே குடும்ப நிறத்தில் மூன்று விரிப்பு இருந்தால் வேறெதுவும் செய்யாமலே அறை ஒழுங்காகிவிடும். கையில் பணம் இருந்தால் சென்னிமலை பெட்ஷீட் மூன்று வாங்குவதே நேர்வழி. கட்டம்போட்ட கைத்தறி, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இங்கே பணம் இல்லை, புடவை இருந்தது. அதனால் அடுக்குப் போர்வை தைத்தார்கள்.

ஒரு போர்வைக்கு இரண்டு புடவை. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 108 அங்குலத்துக்கு 46 அங்குலம். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நான்கு அடுக்கு. நீளத்தை 84 அங்குலமாகக் குறைத்தார்கள். 30 அங்குல அகலக் கட்டிலில் இரு பக்கமும் 8 அங்குலம் தொங்கும், போதுமான அளவு. கிழிசலும் கறையும் உள்ள புடவை உள்ளே போகட்டும், நல்லது வெளியே.

இனிதான் பொறுமை வேண்டும். நான்கு அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, 6 அங்குலத்துக்கு ஒரு வரிசை பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட வேண்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி, 2 அங்குல இடைவெளியில் ஓட்டுத்தையல். ஓரத்திலிருந்து தொடங்கினால் அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவில் குமிழாகச் சேரும். அதை அப்புறம் பிரித்தால்தான் சரியாகும். அகலத்தில் 23 வரிசை, ஒவ்வொன்றும் 84 அங்குலம்: மொத்தம் ஏறத்தாழ 49 மீட்டர் தையல். இழை மேலும் கீழும் போய்வருவதால் 70 மீட்டர் நூல் எடுத்துவைக்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்தால் பல மாலைகள் ஆகும். ஒரே போர்வையை இருபுறமும் இருவர் பிடித்து, நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கொரு திசையில் தைத்தால் பாதியாகும், பேச்சுத் துணையும் கிடைக்கும். நூலை ஒரு முழத்துக்கு மேல் நீட்டி வைக்க வேண்டாம், முறுக்கிக்கொள்ளும்.

போர்வை தரையைத் தொடக் கூடாது. கட்டிலடியை மறைக்கத் தரைவரை துணி தொங்கவிடுவது பார்க்க அழகு. ஆனால் தூசும் பூச்சியும் ஏற அதுவே ஏணி. இந்த அறையில் தொங்கல் தரைக்கு வெகு மேலேயே நிற்கிறது.

கட்டில் பை மிகச் சிறிய வேலை, ஆனால் மூவரும் தினம் அதிகம் கைவைப்பது அதில்தான். சணல் சாக்கை உள்ளும் புடவைத் துணியைப் புறமும் வைத்து 30 அங்குல நீளம், 14 அங்குல அகலத்தில் ஒரு பட்டை. அதில் 18 அங்குலம் மெத்தைக்கு அடியில் போகும், 12 அங்குலம் கட்டிலின் பக்கவாட்டில் தொங்கும். பையின் முன்துண்டை 14 அங்குலத்துக்கு வெட்டாமல் 18 அங்குலத்துக்கு வெட்டி, அடியில் இரண்டு மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் வாய் விரியும். சமமாக வெட்டினால் ஒரு நோட்டுக்கு மேல் நுழையாது. கண்ணாடி, பேனா, புத்தகம், டார்ச் வைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்தால் பட்டை மெல்ல உருவிக்கொண்டு வரும். சார்ஜ் ஏறும் போனை இதற்குள் வைக்கவே கூடாது, துணிக்குள் சூடு வெளியேற வழியில்லை.

தரை

திருப்பூர் பக்கத்தில் இருப்பது கோவை மாணவர்களுக்கு ஒரு கொடை. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் அங்கே கிலோ கணக்கில் விற்கும். 8 கிலோ, கிலோ 50 ரூபாய் என்று வாங்கினார்கள். வாங்கும்போது மூட்டையைப் பிரித்து, கையகலத் துண்டுகள் நிறைந்த மூட்டையைத் தள்ளிவிட வேண்டும். அவை மெத்தைக்குள் அடைக்க மட்டும் உதவும். தரைவிரிப்புக்கு ஒரு முழத்துக்குக் குறையாத நீளத் துண்டு வேண்டும். பனியன் துணியிலும் முழுப்பருத்தி எது, பாலியெஸ்டர் கலந்தது எது என்று ஒரு இழையைக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கடைக்கு வெளியே, மூட்டைகளை விட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

செய்தது 4 அடிக்கு 3 அடி நீள்வட்ட விரிப்பு. துணியை ஒன்றரை அங்குலப் பட்டைகளாக, இழுபடும் திசையில் வெட்ட வேண்டும். வெட்டிய பட்டையை இழுத்தால் இரு ஓரமும் உள்ளே சுருண்டு கயிறாகும், பிசிறு வெளியே தெரியாது. எதிர்த்திசையில் வெட்டினால் சுருளாது. பட்டைகளைத் தைத்து இணைக்கத் தேவையில்லை: இரண்டின் முனையிலும் அரை அங்குலக் கீறல் போட்டு, ஒன்றின் முனையை மற்றதன் கீறலில் நுழைத்து, நுழைத்த பட்டையின் மறுமுனையை அதே பட்டையின் கீறல் வழியே இழுத்தால் முடிச்சு விழும். மூன்று இழையிலும் முடிச்சு ஒரே இடத்தில் வந்தால் அங்கே கட்டியாகும். அதனால் தொடங்கும்போதே மூன்று பட்டையையும் வேறு வேறு நீளத்தில் எடுக்க வேண்டும்.

மூன்று கால் பின்னலாகப் பின்னினால் ஓர் அங்குல அகலம் வரும். இந்த அளவு விரிப்புக்கு ஏறத்தாழ 120 அடிப் பின்னல், துணி 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நீள்வட்டம் என்றால் நடுவில் முதலில் வைக்கும் நேர்ப்பின்னலின் நீளம், விரிப்பின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தது: 4 அடியில் 3 அடி போக 1 அடி. அதைச் சுற்றி 18 சுற்று வந்தால் 3 அடி அகலம் நிறையும்.

கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஓர் அங்குலப் பின்னலில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட 6 அங்குலத்துக்குச் சற்று மேல் கூடுதலாகத் தேவை. அந்தக் கூடுதல் முழுவதையும் இரு முனை வளைவிலும் 3 அங்குலம் வீதம் தளர்த்திக் கொடுக்க வேண்டும், நேர்ப்பகுதியில் தளர்வே கூடாது. வளைவில் இறுக்கி இழுத்தால் விரிப்பு கிண்ணமாகக் குழியும். அளவுக்கு மேல் தளர்த்தினால் அலையலையாகத் தூக்கும். இந்த அறையில் ஐந்தாம் சுற்றில் குழிய ஆரம்பித்தது, காரணம் மடியில் வைத்துத் தைத்தது. மடியின் வளைவுக்கேற்பத் துணி வளையும். இரண்டு சுற்றைப் பிரித்து, தரையில் விரித்து வைத்துத் தைத்த பிறகு தட்டையாக வந்தது. தைக்கக் கோணி ஊசியும் செருப்புத் தைக்கும் தடித்த நூலும் வேண்டும். ஊசியைத் துணிக்குள் குத்தாமல் பின்னல்களின் கண்களுக்கிடையே மாறி மாறிக் கோத்தால் நூல் வெளியே தெரியாது, துணியும் அறுபடாது.

வெள்ளை டைல்ஸில் விரிப்பு வழுக்கும். பழைய சைக்கிள் டியூப்பை அடியில் தைத்தால் நிற்கும், ஆனால் தரையில் கறுப்புத் தடம் விடலாம். சிலிக்கோன் சீலண்டை (ரப்பர்போல் காயும் அடைப்புப் பசை) அடிப்பக்கம் நான்கு விரல் இடைவெளியில் பட்டாணி அளவு புள்ளிகளாக வைத்து ஒருநாள் காயவிட்டார்கள், வழுக்குவது நின்றது.

இவ்வளவு பெரிய விரிப்பைத் துவைப்பது கடினம். ஏறத்தாழ 3 கிலோ பருத்தி நீர் குடித்தால் ஒருவரால் எளிதில் தூக்க முடியாது, ஐப்பசி மழையில் காயாமல் நாற்றமெடுக்கும். 3 அடிக்கு 2 அடியில் இரண்டு செய்திருந்தால் வசதி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அப்படியே செய்யட்டும்.

மீதித் துணியில் 18 அங்குலச் சதுரம், 4 அங்குல உயரத்தில் இரண்டு தரை மெத்தை ஆயின. ஒன்றுக்கு இரண்டரை கிலோ துண்டுத்துணி. கத்தரித்த துண்டுகளை அப்படியே அடைத்தால் மேடுபள்ளமாக இருக்கும். பெரிய துண்டுகளை மடித்து மேலும் கீழும் தளமாக அடுக்கி, பொடித்துண்டுகளை நடுவில் அடைக்க வேண்டும். இலவம்பஞ்சு மென்மைதான், ஆனால் உட்கார உட்கார அமுங்கிவிடும், நெருக்கமாக நெய்த உள்ளுறை இல்லாவிட்டால் பஞ்சிழை அறையெங்கும் பறக்கும். மூச்சிரைப்பு உள்ளவர் அறையில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இரண்டு மெத்தைக்கும் நடுவே 300 ரூபாய் கோரைப்பாய் ஒன்று வாங்கினார்கள். தரையை ஈரத்துணியால் துடைக்கும் நாளில் பாயைச் சுருட்டித் தூக்கிவிட வேண்டும். ஈரத்தில் கிடந்தால் அடியில் பூசணம் பூக்கும்.

பெட்டி, கூடை, சுவர்

பழக்கடைகளில் ஆப்பிள் வந்த மரப்பெட்டி 50 ரூபாய்க்குக் கிடைத்தது, ஆறு வாங்கினார்கள். பெட்டியைத் தட்டிப் பார்க்க வேண்டும். மாவுபோல் தூள் உதிர்ந்தால் மரம் உளுத்திருக்கிறது, எடுக்காதீர்கள். துருத்தும் ஆணிகளைச் சுத்தியலால் மடக்கி, மூலைப் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் முழுக்கக் காயவைத்து, 80 எண் உப்புத்தாளும் பிறகு 120 எண்ணும் போட்டுத் தேய்த்து ஒரு கை வார்னிஷ் அடித்தார்கள். ஈரம் காயாமல் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூக்கும். இரண்டிரண்டாக அடுக்கி, பலகை இடைவெளி வழியாகக் கேபிள் டை போட்டுக் கட்டியதும் கட்டில் தலைமாட்டில் இரண்டடுக்குப் புத்தகத் தட்டு ஆளுக்கொன்று. இதன் மேல் உட்காரக் கூடாது. பலகை மெலிது, ஆள் எடையைத் தாங்காது.

அட்டைப்பெட்டியில் சாமான் வைக்கும் தட்டு செய்வதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தரைத்தளத்து அறையில் வேண்டாம், கரையானுக்கு அட்டை விருப்ப உணவு. மேல்தளத்திலும் மைதாப் பசை போட்டு ஒட்டக் கூடாது. மாவுப்பசையைத் தின்ன ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். ஃபெவிகால் போதும்.

பேனா, ஊக்கு, கிளிப் போடக் காகிதக்கூழ்க் கூடை. நம் ஊர்ப் பாட்டிமார் முறைதான்: ஒரு கிலோ செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, கையால் பிசைந்து கூழாக்க வேண்டும். 100 கிராம் வெந்தயத்தை இரவு ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் அதன் வழவழப்பு கூழைப் பிடித்துக்கொள்ளும். விடுதியில் மிக்ஸி இல்லாததால் வெந்தயத்தை வீட்டிலேயே பொடியாகத் திரித்து வந்து நீரில் குழைத்தார்கள். பிளாஸ்டிக் கவர் சுற்றிய எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அரைவிரல் கனத்துக்கு அப்பி, முதல்நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவைக்க வேண்டும். நேரே வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முன்னதாகச் சுருங்கி வெடிக்கும். தை, மாசி, பங்குனிதான் இதற்குக் காலம். மழைமாதத்தில் தொடங்கினால் காயும் முன் பூசணம் வந்துவிடும்.

சுவருக்கு வருவோம். ஒட்டும் கொக்கிகள் வழவழப்பான டைல்ஸிலும் இரும்பிலும் நன்றாக நிற்கும். டிஸ்டம்பரில் ஒட்டினால் கொக்கி விழுவதில்லை, பெயின்ட் ஏட்டோடு பெயர்ந்து வரும்; பசை பிடித்திருப்பது சுவரை அன்று, மேலே உள்ள தூள் பூச்சை. எனவே சுவரில் எதையும் ஒட்டவில்லை. இரும்பு அலமாரிக் கதவுகளில் காந்தம் வைத்துப் படங்கள், கால அட்டவணை. சன்னல் கம்பியிலிருந்து அலமாரியின் மேல் கைப்பிடிவரை ஒரு பருத்தி நூல் இழுத்து, துணிக்கிளிப்பில் புகைப்படங்கள். அதற்கு மேல் சுவர் கேட்கவில்லை.

செலவும் காலிசெய்தலும்

விளக்கு 270, பைப், கேபிள் டை, நாடா, கயிறு 140, பனியன் துணி 400, மரப்பெட்டி 300, கோரைப்பாய் 300, வார்னிஷ் 90, உப்புத்தாள் 30, ஊசி, தடித்த நூல் 80, சிலிக்கோன் 150, ஃபெவிகால் 100, திருப்பூர் போய்வந்த பேருந்துச் செலவு 150. மொத்தம் 2,010 ரூபாய், கையில் 90 மீதி. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இந்த விலைகள் மாறும். திருப்பூரிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்குப் பனியன் துணி இந்த விலைக்குக் கிடைக்காது. உள்ளூர்த் தையல்கடை வெட்டுத்துணியும் அறையிலுள்ளவர்களின் பழைய டி-ஷர்ட்களும் அந்த இடத்தை நிரப்பும்.

சித்திரையில் அறையைக் காலி செய்யும்போது திரையைப் பைப்பிலிருந்து உருவ, கேபிள் டைகளைக் கத்தரியால் வெட்டினால் போதும். கத்தியால் அறுத்தால் கம்பியின் பெயின்ட் கீறும். போர்வைகளையும் திரைகளையும் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மடித்து ஒரு சாக்கில் அடக்கிவிடலாம். விளக்குக் கூட்டின் குச்சிகளை அவிழ்த்தால் வளையங்களும் துணியும் ஒரு புத்தக அளவுக்குத் தட்டையாகும். விரிப்பை மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். மடித்த இடத்தில் கோத்த நூல் அறுபடும். தரை மெத்தைகளைச் சுமந்து போவது வீண். மேலுறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, உள்ளே உள்ள துணியைப் பழைய துணி எடுப்பவரிடம் போட்டுவிடலாம். மரப்பெட்டிகளைப் பேருந்தில் ஏற்ற முடியாது. அடுத்த ஆண்டு வரும் இளையவர்களுக்குக் கொடுக்கும்போது, வாங்குகிறவர்கள் மூலைப் பொருத்துகளில் இன்னொரு முறை கொதிநீர் ஊற்றிக் காயவைத்த பிறகே அறைக்குள் கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.